நாடகப் பட்டம்: எவ்வளவு போடலாம், எவ்வளவு திரும்பும்?

கேள்வி இது: "மகள் ப்ளஸ் டூ முடிக்கப் போகிறாள். நாடகம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். லண்டனில் மூன்று வருடப் படிப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். இங்கேயே திருச்சூர், பாண்டிச்சேரி என்றும் சிலர் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம். கலையின் அருமை எனக்குத் தெரியும். பணக்கணக்கில் இந்தப் பட்டம் தேறுமா என்பதை மட்டும் சொல்லுங்கள்."

வீட்டை வைத்து வாங்கும் கடனில் தேறாது. வேறொரு இளநிலைப் பட்டம் முடித்தபின், அரசுப் பல்கலைக்கழகத்தில், முதுநிலையாகப் படித்தால் தேறும். நாடகக்காரரின் வருமானத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் படிப்புக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதனால் இந்தப் பட்டம் லாபமா நட்டமா என்பது பெரும்பாலும் சேரும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

லண்டனை முதலில் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் பட்டங்கள் தரும் வருமானத்தை வரித்துறைப் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றை அங்குள்ள ஐ.எஃப்.எஸ். என்ற நிதி ஆய்வு நிறுவனம் 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. வரி, கல்விக்கடன், படித்த காலத்தில் இழந்த சம்பளம் எல்லாம் கழித்து, ஒரு பட்டத்தால் வாழ்நாளில் சராசரியாக ஆண்களுக்குச் சுமார் £130,000, பெண்களுக்குச் சுமார் £100,000 மிஞ்சுகிறது என்று அது கணக்கிட்டது. படைப்புக் கலைகள் என்ற பிரிவில் மட்டும் ஆண்களுக்குச் சராசரி நட்டம், பெண்களுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். நாடகம் அந்தப் பிரிவில்தான் வருகிறது.

அப்படியிருந்தும் அந்த ஊர்ப் பிள்ளைகள் சேர்கிறார்களே என்றால், அவர்களுக்கு அடியில் ஒரு வலை இருக்கிறது. 2023 முதல் சேர்ந்தவர்களுக்கு அரசுக் கல்விக்கடன் விதி இப்படி: வருடத்துக்கு £25,000-க்கு மேல் சம்பாதித்தால், மேற்கொண்டு வருவதில் 9% மட்டும் கட்ட வேண்டும். அதற்குக் கீழே சம்பாதித்தால் ஒன்றுமே கட்ட வேண்டாம். 40 வருடம் ஆனதும் மிச்சம் தள்ளுபடி. நடிகருக்கு வேலையில்லாத வருடத்தில் தவணையும் இல்லை. உங்கள் மகளுக்கு இந்தக் கடன் கிடையாது. அவளுக்குக் கிடைப்பது இந்திய வங்கிக் கடன். அதற்கு வருமானம் வந்ததா வரவில்லையா என்ற கேள்வியே இல்லை, ஐந்தாம் தேதி ஆனால் தவணை.

தொகை என்ன ஆகும்? வெளிநாட்டு மாணவர் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வருடத்துக்கு £24,000 என்று வைத்துக்கொள்வோம். தங்கல், சாப்பாட்டுக்கு வருடம் £14,000. மூன்று வருடத்துக்கு £114,000. பவுண்டு ₹115 என்றால் ₹1 கோடியே 31 லட்சம். இதில் ₹50 லட்சம் மட்டும் கடன், 11% வட்டி, வருடத் தொடக்கத்தில் மூன்று சம தவணைகளாக வங்கி தருகிறது என்று கொள்ளுங்கள். படிக்கும் மூன்று வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். கட்ட வேண்டாம் என்பதற்கு வட்டி ஏறாது என்று பொருளில்லை. தனிவட்டியாகவே போட்டாலும் அந்தக் காலத்தில் சுமார் ₹16.5 லட்சம் சேர்ந்துவிடும். கட்டத் தொடங்கும் நாளில் கடன் ₹66.5 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ₹91,600. தொடக்கநிலை நாடக வேலை எந்த நாட்டிலும் இதைத் தாங்காது.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்பது அடுத்த எண்ணமாக இருக்கும். படிப்புக்குப் பிந்தைய விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதன்பின் வேலை விசாவுக்கு 2025 ஜூலை முதல் பொதுச் சம்பள வரம்பு வருடத்துக்கு £41,700. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சற்றுக் குறைவு. நாடக வேலை பெரும்பாலும் ஆறு வாரம், எட்டு வாரம் என்று துண்டு துண்டான ஒப்பந்தமாக வருவது. நிரந்தரச் சம்பளம் காட்டச் சொல்லும் விசாவோடு அது பொருந்தாது.

அமெரிக்காவிலிருந்து ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நம் வீட்டுக்கும் உதவும். கடன் வாங்கிப் படித்தவர்கள் அந்தக் கடனைக் கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கிறார்களா என்று சில வகைப் படிப்புகளைச் சோதித்த முடிவுகளை அமெரிக்கக் கல்வித்துறை 2017 ஜனவரியில் வெளியிட்டது. அதில் தோற்றவற்றில் ஒன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த அமெரிக்கன் ரெப்பர்ட்டரி தியேட்டரின் இரண்டு வருட நாடகப் பயிற்சி. மாணவர்களின் கடன் சுமார் $78,000, முடித்தவர்களின் வருட வருமானம் சுமார் $36,000. உடனே மூன்று வருடத்துக்குச் சேர்க்கையை நிறுத்தி வைத்தார்கள். ஹார்வர்டு என்ற பெயரே கைகொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 2021-இல் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளி 15 கோடி டாலர் நன்கொடை பெற்று, எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. வருமானத்தைக் கூட்ட அந்தப் பள்ளிகளாலும் முடியாது, செலவைக் குறைக்கத்தான் முடியும்.

அந்தச் சோதனையின் முதல் அளவுகோல்: வருடக் கடன் தவணை, வருட வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாடகம் படித்து முதல் சில வருடங்களில் மாதம் ₹25,000 வரும் என்று எடுத்துக்கொண்டால், தவணை ₹2,000. 10% வட்டியில், ஏழு வருடத்தில் அடைக்கும் கடனாக அது ₹1.2 லட்சம். அவ்வளவுதான் வாங்கலாம். வீட்டுப் பத்திரம் எல்லாம் தேவையே இல்லை. ₹4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை.

இனி இங்கே. நம் நாட்டின் நல்ல நாடகப் படிப்புகள் அனேகமாக அரசுப் பணத்தில் நடப்பவை. திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. 1977-இல் ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கியது. இளநிலையிலேயே நாடகம் படிக்க முடிகிற இடம் என்பது அதன் சிறப்பு, ஆனால் வகுப்பும் ஒத்திகையும் பெரும்பாலும் மலையாளத்தில் ஓடும். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதி முதல் இயக்குநராக இருந்து உருவாக்கிய சங்கரதாஸ் சுவாமிகள் நாடகப் பள்ளி, இப்போது நிகழ்கலைத் துறையாக முதுநிலையும் முனைவர் பட்டமும் தருகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை, பேராசிரியர் சே. இராமானுஜம் வளர்த்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் நாடக முதுநிலை உண்டு. கர்நாடகத்தில் ஹெக்கோடு கிராமத்திலுள்ள நீநாசம் ஒரு வருட டிப்ளமா தருகிறது, கன்னடம் தெரிந்தவர்களுக்கு அது பொன்னான இடம்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று வருட டிப்ளமா, மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. படிக்கும்போதே பணம் வருகிற நாடகப் படிப்பு இது. டிப்ளமாதானே என்று ஒதுக்க வேண்டாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் முனைவர் பட்டப் பதிவுக்கும் இதை எம்.ஏ.-வுக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஏற்றிருக்கிறது. சேர, ஏதாவது ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்றிருக்க வேண்டும், வயது முப்பதுக்குள். இடங்கள் மிகக் குறைவு, வேலைமொழி இந்தி. மகளுக்கு இந்தி தெரியாவிட்டால் இன்றே தொடங்கலாம்.

அரசு இடத்தில் இரண்டு வருட முதுநிலைக்கு, கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ₹2 லட்சத்துக்குள் முடிக்கலாம் என்று வையுங்கள். இதில் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அந்த இரண்டு வருடத்தில் ₹18,000 சம்பளத்தில் ஒரு வேலைக்குப் போயிருந்தால் ₹4.32 லட்சம் வந்திருக்கும். ஆக, உண்மையான முதலீடு சுமார் ₹6.3 லட்சம். இதைத் திருப்பி எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி, ₹1.31 கோடியை அல்ல.

திருப்பி எடுக்கும் வழிகளில் முதலிடம், பலரும் நினைப்பது போல நடிப்புக்கு இல்லை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் என்ற, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வுக்குத்தான். அதில் 'நிகழ்கலை: நடனம், நாடகம், அரங்கம்' என்று ஒரு பாடம் உண்டு, எண் 65. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. இதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், முனைவர் பட்ட ஆய்வில் முதல் இரண்டு வருடம் மாதம் ₹37,000, அடுத்த மூன்று வருடம் மாதம் ₹42,000. கூட்டினால் ஐந்து வருடத்துக்கு ₹24 லட்சம், வீட்டு வாடகைப்படி தனி. போட்ட ₹6.3 லட்சத்துக்கு இது நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு. எந்த மேடையும் அந்த வயதில் இவ்வளவு சீராகப் பணம் தராது. ஆய்வு செய்துகொண்டே நாடகம் போடலாம், நாடகத்தையே ஆய்வாகவும் செய்யலாம்.

நாடக மாணவர்கள் இதைத் தவறவிடுவதற்குக் காரணங்கள் சில. முதுநிலையில் 55% இருந்தால்தான் நெட் எழுத முடியும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50%. ஆண்டு இறுதித் தயாரிப்புக்கு ராத்திரி பகலாக ஒத்திகை போட்டுவிட்டு, அடுத்த வாரத் தியரித் தேர்வில் கோட்டை விட்டு 53 சதவீதத்தில் நிற்பது இந்தத் துறையில் வழக்கமான சோகம். நடிப்பில் கைதட்டல் வாங்கிய பிள்ளைக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. அடுத்து, நெட் பாடத்திட்டத்தில் நாடகத்தோடு நடனமும் சேர்ந்தே வரும். நாட்டிய சாஸ்திரம், அபிநய தர்ப்பணம், கதகளி, ஒடிசி, மணிப்புரி எல்லாம் கேட்பார்கள். வகுப்பில் மேலைநாட்டு நடிப்பு முறைகளை மட்டும் படித்தவர்கள் இரண்டாம் தாளில் பாதியில் திணறுவார்கள். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் எழுதிப் பழக வேண்டும். முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100, மொத்தம் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் விடாமல் எழுத வேண்டும். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 வருடத் தளர்வு உண்டு, இதை மகளிடம் சொல்லுங்கள்.

அதன்பின் உதவிப் பேராசிரியர் பதவி. தொடக்க அடிப்படைச் சம்பளம் ₹57,700, படிகள் தனி. ஆனால் நாடகத் துறைகள் சிறியவை, ஆசிரியர் இடங்களும் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும், ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஓரிடம். எனவே இதை மட்டும் நம்பிக் காத்திருப்பது ஆபத்து. கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வகுப்புக்கு ₹1,500, மாதம் அதிகபட்சம் ₹50,000 என்று யு.ஜி.சி. 2019-இல் சொன்னது. நடைமுறையில் பல இடங்களில் அதற்கு வெகு கீழே தருகிறார்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் இன்னொரு வாசலும் இருக்கிறது: தேசிய நாடகப் பள்ளி போன்ற இடத்தில் முதல் வகுப்பில் தேறி, ஐந்து வருடம் தொடர்ந்து பாராட்டுப் பெற்ற மேடை அனுபவம் இருந்தால், தொழில்முறைக் கலைஞராக உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு எழுத்துச் சான்று கேட்பார்கள்.

அந்தச் சான்றை நாடகக்காரர்கள் சேர்த்து வைப்பதில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் தேதி அச்சிட்ட அழைப்பிதழ், பெயர் அச்சான நிகழ்ச்சிக் கையேடு, பத்திரிகைக் குறிப்பு, குழுவின் முத்திரையோடு ஒரு கடிதம், மூன்று நிமிடக் காணொளி என ஐந்தையும் அந்த வாரமே ஒரு கோப்பில் போட்டுவிட வேண்டும். குழு கலைந்த பிறகு கடிதம் கேட்டு அலைந்தால் கிடைக்காது. இதே கோப்புதான் தேசிய நாடகப் பள்ளி கேட்கும் ஆறு நாடகங்களுக்கும், மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் உதவிகளுக்கும் ஆதாரம். அந்த உதவிகளில் 18 முதல் 25 வயது வரையிலான இளங்கலைஞர்களுக்கு மாதம் ₹5,000, 25 முதல் 40 வரை இளநிலை ஆய்வூதியம் மாதம் ₹10,000, அதற்கு மேல் முதுநிலை ஆய்வூதியம் ₹20,000, எல்லாமே இரண்டு வருடத்துக்கு. குருவுக்கு ₹15,000, சீடர்களுக்கு அதிகபட்சம் ₹10,000 என்று நாடகக் குழுக்களுக்குத் தரும் ரெப்பர்ட்டரி மானியமும் உண்டு. இந்தப் பணம் மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று எண்ணி வாடகைக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போய் மொத்தமாக வரும் பணம் அது.

பட்டம் கேட்காத, ஆனால் நாடகப் பள்ளியில் கற்றது நேரடியாகக் காசாகும் வேலை என்றால் மேடை ஒளியமைப்பும் மேடை நிர்வாகமும்தான். மகள் நடிப்புக்கென்று சேர்ந்தாலும் இதில் ஒன்றைக் கையோடு கற்றே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பழைய அரங்கில் 1,000 வாட் பார் (PAR) வகை மேடை விளக்குகள் தொங்குகின்றன. 230 வோல்ட்டில் ஒரு விளக்கு இழுப்பது சுமார் 4.35 ஆம்பியர். 16 ஆம்பியர் இணைப்பில் மூன்று போட்டால் 13, தாங்கும். நான்கு போட்டால் 17.4, உடனே அறுந்துவிடாது, ஆனால் எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரியும் உச்சக்காட்சியில், சூடு ஏறியபின், சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழலாம். அனுபவமில்லாதவர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைக் குறை சொல்வார். தெரிந்தவர் ஒத்திகைக்கு முன்பே மும்முனை மின்சாரத்தில் சுமையைப் பிரித்து எழுதி வைத்திருப்பார்.

எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் சுமைப் பிரச்சினை குறைந்து சமிக்ஞைப் பிரச்சினை வந்திருக்கிறது. விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டி.எம்.எக்ஸ். வரிசையில் மொத்தம் 512 சேனல். எட்டு சேனல் எடுக்கும் விளக்குகளுக்கு 1, 9, 17, 25 என்று முகவரி தர வேண்டும். 1, 8 என்று தந்துவிட்டால் முதல் விளக்கின் கடைசிச் சேனலும் இரண்டாவதின் முதல் சேனலும் ஒன்றாகி, ஒன்றைத் தொட்டால் மற்றதும் ஆடும். ஒரே தொடரில் 32 கருவிகளுக்கு மேல் கோர்த்தாலோ, கடைசி விளக்கில் 120 ஓம் முடிப்பான் செருகாவிட்டாலோ காரணமே தெரியாமல் மினுக்கும். இதைச் சரிசெய்யத் தெரிந்தவரை நாடகக் குழு மட்டுமல்ல, கச்சேரி, மாநாடு, கம்பெனி விழா, கல்யாண மண்டபம் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். நடிகருக்கு வருடத்தில் நான்கு நாடகம் கிடைத்தால் அதிகம். விளக்குக்காரருக்கு முகூர்த்த மாதங்களில் ஓய்வே இருக்காது. ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கேளுங்கள்: மாணவர்களே ஒளிப்பலகையைத் தொட விடுவார்களா, வருடத்துக்கு எத்தனை முழுநீள நாடகம் மேடையேறுகிறது, அதில் வெளியிலிருந்து ஆள் வைத்து விளக்குப் போடுகிறார்களா? வெளியாள் என்றால் அந்தப் பள்ளியில் பாதிப் படிப்புதான்.

பள்ளிக்கூட வேலை அடுத்த நம்பகமான வழி. ஐ.பி. பாடத்திட்டத்தில் தியேட்டர், கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் டிராமா என்று தேர்வுப் பாடங்களே இருக்கின்றன. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொடைக்கானல் பக்கத்துச் சர்வதேசப் பள்ளிகளில் முதுநிலைப் பட்டத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. சி.பி.எஸ்.இ., மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே நாடகம் 'ஆக்டிவிட்டி', நாடக ஆசிரியர் ஆண்டுவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பு தேடப்படுகிறவர். அதே பள்ளியில் ஆங்கிலமோ தமிழோ இளநிலையில் படித்து, பி.எட். முடித்து, நாடக முதுநிலையும் வைத்திருப்பவர் பாட ஆசிரியராக நிரந்தரச் சம்பளத்தில் அமர்ந்து நாடகமும் நடத்த முடியும். முதல் பட்டம் வேறு பாடத்தில் இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

பட்டத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிகழ்கலை முதுநிலைக்கும் சுருக்கம் எம்.பி.ஏ. (M.P.A.) என்பதுதான், அப்படியே எழுதினால் மேலாண்மைப் படிப்பு (M.B.A.) என்று நினைத்துக்கொள்வார்கள். விண்ணப்பங்களில் 'நிகழ்கலை முதுநிலை, நாடகம்' என்று விரித்து எழுதுங்கள். தனியார் நடிப்புப் பயிற்சி மையங்கள் தருவது சான்றிதழ்தான், சட்டப்படி பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென்று சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே. அந்தச் சான்றிதழை வைத்து நெட் எழுத முடியாது. லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

நடிப்புக்கு வருவோம். தமிழ்நாட்டில் நடிப்பு வேலைக்கு யாரும் பட்டம் கேட்பதில்லை. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து சினிமாவுக்குப் போன பசுபதி போன்றவர்களை அவர்கள் பெற்ற பயிற்சிதான் கொண்டுபோனது. விஜய் சேதுபதி அங்கே கணக்கராகச் சேர்ந்து, நடிப்பவர்களைப் பார்த்துக் கற்றவர். தேசிய நாடகப் பள்ளி டிப்ளமா வைத்திருந்தும் நவாசுதீன் சித்திக்கி 1996-இல் முடித்து, 2012-இல்தான் பரவலாகத் தெரிந்தார். 16 வருடம். கடன் தவணை அவர் தலைமேல் இருந்திருந்தால் அந்த 16 வருடத்தைத் தாண்டியிருக்க முடியுமா என்று யோசியுங்கள். சென்னைச் சபா நாடகங்களில் நடிப்பவர்கள் பலரும் வங்கியிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் மேடை ஏறுகிறவர்கள். வட மாவட்டத் தெருக்கூத்திலும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்திலும் இரவுக்கு இவ்வளவு என்று பேசி, திருவிழாக் காலத்தில் தொடர்ந்து சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கேட்பது குரல், பாடம், ராத்திரி முழுக்க நிற்கும் தெம்பு. பட்டம் அந்தக் கூலியை ஒரு ரூபாய்கூட உயர்த்தாது.

நவீன நாடகக் குழுவின் சம்பளத்தை எப்படிப் படிப்பது என்று மகளுக்குக் காட்டிக்கொடுங்கள். 'ஒரு காட்சிக்கு ₹1,500, ஐந்து காட்சி' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஒத்திகை 40 நாள், காட்சி 5 நாள், மொத்தம் 45 நாளுக்கு ₹7,500. ஒரு நாளைக்கு ₹167. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவித்த கூலி ₹336. ஒத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. நல்ல இயக்குநரிடம் கற்க அந்தக் கூலிக்கும் போகலாம், தெரிந்து போக வேண்டும். ஒத்திகைப்படி உண்டா, சாப்பாடும் பயணமும் யாருடையது, காட்சி ரத்தானால் பாதியாவது வருமா, பதிவு செய்து இணையத்தில் போட்டால் தனித்தொகை உண்டா, பணம் எத்தனை நாளில் வரும் என்ற ஐந்தையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. ஒரே நிறுவனம் வருடத்தில் ₹50,000-க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் தந்தால் 10% பிடித்துக்கொண்டுதான் தரும், பான் எண் தராவிட்டால் 20%. வருமானம் வரிவரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதை முழுதாகத் திரும்ப வாங்கலாம். பல கலைஞர்கள் தாக்கல் செய்யாமலே விட்டு வருடத்துக்கு ஒரு மாத வருமானத்தை இழக்கிறார்கள். தொடர்ந்து தாக்கல் செய்தவருக்குத்தான் பிற்பாடு வங்கியும் கடன் தரும், வெளிநாட்டு விழாவுக்கு விசாவும் எளிதாகும்.

ஆக, இப்போது செய்ய வேண்டியவை. மகளை அடுத்த மூன்று வருடத்துக்கு உள்ளூரிலேயே, நாடகம் தவிர வேறொரு பாடத்தில் சேருங்கள். ஆங்கில இலக்கியம், தமிழ், வணிகவியல், காட்சித் தொடர்பியல், எதுவானாலும் சரி, பின்னால் தனியாக நின்று சோறு போடுவதாக இருக்கட்டும். அந்த மூன்று வருடத்தில் வருடத்துக்கு இரண்டு நாடகம், மொத்தம் ஆறு, கோப்போடு. ஒன்றிரண்டு நாடகத்தில் மேடைக்குப் பின்னால் வேலை செய்யட்டும். ஆறு நாடகத்துக்குப் பிறகும் அவள் உறுதியாக நின்றால் தேசிய நாடகப் பள்ளிக்கும் பாண்டிச்சேரி, ஹைதராபாத்துக்கும் ஒரே வருடத்தில் விண்ணப்பிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும், அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். இளநிலையிலேயே நாடகம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் திருச்சூர் பரவாயில்லை, செலவு கையைக் கடிக்காது, மலையாளமும் மூன்று மாதத்தில் பழகிவிடும்.

லண்டன் மீது ஆசை தீராவிட்டால், முழுக் கட்டணத்தையும் ஏற்கும் உதவித்தொகையோடு ஒரு வருட முதுநிலைக்குப் போகட்டும். பாதி உதவித்தொகை என்றால் மீதிப் பாதியையும் தங்கும் செலவையும் கணக்கிட்டு, வாங்க வேண்டிய கடன் ₹1.2 லட்சத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த வருடம் விண்ணப்பத்தை விட்டுவிடலாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். வேலையில்லாத மாதங்களில் மகள் வாடகை இல்லாமல் வந்து தங்க ஓரிடம் இருப்பது, நாடகக்காரருக்கு எந்தப் பட்டத்தையும்விடப் பெரிய மூலதனம்.